தரங்கம்பாடி மாலை நடை: ஒரு ஊரின் கதையை எங்கிருந்து தொடங்குவது?

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் திருக்கடையூருக்கோ காரைக்காலுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். "டேனிஷ்காரன் கட்டின கோட்டை" என்ற ஒற்றை வரிதான் அவர்களோடு வீடு போய்ச் சேருகிறது. அதற்கு மேல் இந்த ஊரில் நிறைய இருக்கிறது, அதை நடந்துதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி உள்ளூர் ஆட்கள் சிலர் ஒரு மாலை நடை ஏற்பாடு செய்தார்கள். நானும் கலந்துகொண்டேன். அதில் நன்றாக அமைந்தது எது, எங்கே வழி தவறியது, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று முழுதாக எழுதி வைக்கிறேன். தங்கள் ஊரில் இதுபோல ஒன்று நடத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் ஏற்பாடு. நடத்தியவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், பொறையார் பக்கம். எல்லோரும் "சார்" என்றே கூப்பிட்டோம். இருபது பேருக்குள்தான் ஆட்கள். கல்லூரிப் பிள்ளைகள், மயிலாடுதுறையிலிருந்து ஒரு குடும்பம், சென்னையிலிருந்து கேமராவோடு வந்த இரண்டு பேர், மற்றவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். கட்டணம் இல்லை. மாலை நாலு மணிக்கு ஊர் நுழைவாயிலில் கூடுவது, ராஜ வீதி வழியாக நடந்து கோட்டை, அப்புறம் கடற்கரைக் கோயில், கடைசியாக மீனவர் தெரு என்பது திட்டம். இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று சொன்னார்கள்.

மாலை நேரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. பகலில் இந்த ஊர் ஆளில்லாமல் கிடக்கும். நாலு மணிக்கு மேல்தான் திண்ணைகளில் ஆட்கள் வந்து உட்காருவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவார்கள், கடற்கரையில் வலை சரிபார்ப்பவர்கள் கண்ணில் படுவார்கள். ஊரைப் பற்றிப் பேச ஊர்க்காரர்கள் வெளியே இருக்க வேண்டும் இல்லையா? இது சரியான முடிவு.

நுழைவாயில் 1792-ல் கட்டியது. டேனிய அரசரின் முத்திரையும் ஆண்டும் நெற்றியில் இருக்கும். அதன் கீழே நிற்க வைத்து சார் முதலில் ஒரு பெரிய தாளை விரித்தார். 1733-ல் திரெல்லுண்ட் என்ற டேனியர் வரைந்த ஊர் வரைபடத்தின் பிரதி. மதில், கொத்தளங்கள், தெருக்கள், கோயில்கள், கடல் எல்லாம் அதில் உண்டு. "இதுல நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டார். பிள்ளைகள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிக் கண்டுபிடித்தார்கள். மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய தெரு இன்றும் அதே கோட்டில் ஓடுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகு அவர்கள் நடந்த விதமே மாறிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒருவர் தாளைக் கேட்டு வாங்கினார்கள். இந்த நடையில் பயன்பட்ட ஒரே கருவி அந்தத் தாள்தான், ஆயிரம் ரூபாய்கூட ஆகியிருக்காது.

நுழைவாயிலில் சொன்ன முதல் கதைதான் எனக்கு இன்றுவரை மனதை விட்டு நீங்காதது. 1620-ல் டேனியர்கள் இங்கே வந்தார்கள். அவர்கள் முதலில் குறி வைத்தது இலங்கையை. கண்டி அரசரின் தூதர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரின் பேச்சை நம்பித்தான் ஓவே யெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. அங்கே காரியம் நடக்கவில்லை. இதற்கிடையில் முன்னால் அனுப்பியிருந்த ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர்கள் அழித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர்கள் உட்கார்ந்திருந்த காலம் அது. அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வியாபாரி வந்தால் நாயக்கருக்கும் லாபம். ஆக, 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆகி, தரங்கம்பாடி குத்தகைக்குப் போனது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதிய கடிதம் இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. ஐரோப்பாவில் போர்கள், பணத் தட்டுப்பாடு. அவர்களுடைய வியாபாரக் கம்பெனி நொடித்துப்போனது. 1643-க்குப் பிறகு 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. இருந்த டேனியர்கள் ஒவ்வொருவராகச் செத்தும் விலகியும் போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் காங்ஸ்பக்கே என்ற ஒருவர் மிஞ்சினார். பிரபு குடும்பத்து ஆள் இல்லை, சாதாரணப் படைவீரர். அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார், கடலில் போன வங்காளக் கப்பல்களைப் பிடித்து அந்த வருமானத்தில் காலம் தள்ளினார், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-ல் மறுபடி கப்பல் வந்தபோது, கைவிட்டுவிட்டதாக நினைத்த இடத்தில் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

சார் இதைச் சொல்லி நிறுத்திவிட்டு, "ஒரு ஆள் மதில் கட்ட முடியுமா?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி, "நம்ம ஆளுங்கதான் சார் கட்டியிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். செங்கல் சுட்டது யார், சுண்ணாம்பு நீற்றியது யார், இரவில் காவல் நின்றது யார் என்று அங்கிருந்தே கேள்விகள் கிளம்பின. டேனிய ஆவணங்களில் காங்ஸ்பக்கேயின் பெயர் இருக்கிறது, செங்கல் சுமந்தவர்களின் பெயர் இல்லை. நடை முழுவதும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ராஜ வீதிக்குள் நுழைந்ததும் கட்டடங்கள் எங்களை இழுத்துக்கொண்டன.

ராஜ வீதி அழகான தெரு, அதை மறுக்க முடியாது. நேராகக் கடலை நோக்கிப் போகும். இரண்டு பக்கமும் உயரமான தூண் வைத்த வீடுகள், பெரும்பாலானவை பள்ளிக்கூடமாகவும் விடுதியாகவும் மாறியிருக்கின்றன. சீயோன் தேவாலயம் 1701-ல் ஐரோப்பியர்களுக்காகக் கட்டியது. சற்றுத் தள்ளி எதிர்ப்பக்கம் புதிய எருசலேம் தேவாலயம், 1718-ல் தமிழ்ச் சபைக்காக, ஜெர்மனியிலிருந்து வந்த மதபோதகர் சீகன்பால்கு கட்டியது. அவரது கல்லறையும் உள்ளே பீடத்தின் அருகில்தான் இருக்கிறது. 1706 ஜூலை 9-ம் தேதி வந்து இறங்கியவர், 1719 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 36.

இந்த இடத்தில் நடை கொஞ்சம் தடுமாறியது. சார் தேவாலயத்துக்குள் அரை மணி நேரத்துக்கு மேல் நின்று ஆண்டுகளாகச் சொன்னார். பின்வரிசையில் இருந்தவர்கள் செல்போனை எடுத்துவிட்டார்கள். சீகன்பால்குவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது என்பது உண்மை, ஆனால் நின்றுகொண்டு கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கதை போதும். அங்கே சொன்னதில் எல்லோரையும் நிமிர வைத்தவை மூன்று. ஒன்று, அவர் தமிழ் கற்றுக்கொள்ளச் சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதியது. அடுத்தது, அச்சுக்கூடம். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன, ஆனால் அவை பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கி. 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வந்தது. காகிதத்துக்காகப் பொறையாரில் ஆலை வைத்தார்கள், அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பேர். "நான் அந்தப் பக்கம்தான் சைக்கிள்ல பள்ளிக்கூடம் போனேன், ஏன் அப்படிப் பேர்னு யோசிச்சதே இல்ல" என்று ஒருவர் சொன்னார். உள்ளூர் வரலாற்று நடையின் பலன் என்று கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் காட்டுவேன்.

மூன்றாவது கொஞ்சம் கனமானது. 1707 மே மாதம் சீகன்பால்கு முதன்முதலில் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிய எஜமானர்களின் வீட்டு அடிமைகள். இந்தத் தெருவில், இந்தத் தூண் வைத்த வீடுகளில் வேலை செய்தவர்கள். பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்கள் விற்கப்பட்டார்கள், ஐரோப்பியக் கம்பெனிகள் எல்லாமே அந்த வியாபாரத்தில் இருந்தன, டேனியர்களும் இருந்தார்கள். இதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு அமைதி. சென்னையிலிருந்து வந்த ஒருவர், "டேனிஷ்காரங்க மத்தவங்க மாதிரி இல்ல, அமைதியானவங்கன்னு கேள்விப்பட்டேனே சார்" என்றார். சார் கோபப்படவில்லை. "அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க தம்பி. கட்டடம் அழகா இருந்தா கட்டினவரும் நல்லவர்னு தோணும்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தேவாலயத்திலேயே சாதி வாரியாகத் தனித்தனிப் பக்கத்தில் உட்கார்ந்ததையும் சொன்னார். வெள்ளைக்காரர் மீது மட்டும் குற்றத்தை ஏற்றிவிட்டு நகர்ந்துவிட அவர் விடவில்லை. அதே ஊரில் 1733-ல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றதையும் சேர்த்துச் சொன்னார். சங்கடமான விஷயங்களை எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு அந்தப் பத்து நிமிடம் நல்ல பாடம்: ஒரு சம்பவம், அது நடந்த இடம், இரண்டு பக்கமும், பிறகு கேட்பவர்களுக்குக் கொஞ்சம் நேரம்.

சீகன்பால்கு பற்றி இன்னொன்றும் உண்டு. அது அங்கே விட்டுப்போனதால் இங்கே சொல்கிறேன். இந்த ஊர்க்காரர்களிடமிருந்து அவர் சேகரித்த ஓலைச்சுவடிகள் நூற்றுக்கு மேல். இறந்துபோனவர்களின் விதவைகளிடம் ஆள் அனுப்பி வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதிய பெரிய நூலை ஹாலேயில் இருந்தவர்கள் அச்சிட மறுத்தார்கள், அந்தச் சமயத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், பரப்புவதற்கு இல்லை என்பது அவர்கள் வாதம். அந்த நூல் 1867-ல்தான் சென்னையில் வெளிவந்தது. கற்றுக்கொடுக்க வந்த மனிதர் கற்றுக்கொண்டே போனார் என்பதும், கற்றுக்கொடுத்தவர்கள் இந்தத் தெருக்களைச் சேர்ந்தவர்கள் என்பதும் ஒரு ஊர் நடையில் அவசியம் வர வேண்டியவை.

தேவாலயத்திலிருந்து கோட்டைக்குப் போகும் முன் பக்கத்துத் தெருவுக்குள் கூட்டிப்போனார்கள். திண்ணை, நடுவில் முற்றம், மரத்தூண், நாட்டு ஓடு என்று பழைய தமிழ் வீடுகள். சில வீடுகள் பாரம்பரிய அமைப்புகளின் முயற்சியில் சீர் செய்யப்பட்டவை. இங்கே சார் செய்த ஒரு காரியத்தை எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டும். முந்தின நாளே வந்து வீட்டுக்காரர்களிடம் பேசி வைத்திருந்தார். திண்ணை வரைக்கும் வரலாம் என்று சொன்ன வீட்டில் மட்டும் நின்றோம், ஆளைப் படம் எடுக்கக்கூடாது என்று முன்பே கேட்டுக்கொண்டார். அந்த வீட்டுப் பாட்டி எங்களைப் பார்த்து, "வாங்க, எல்லாரும் அந்தப் பெரிய வீட்டைத்தான் போட்டோ புடிப்பாங்க, நம்ம வீட்டுக்கும் ஆளு வந்துருக்கு" என்றார். ராஜ வீதியில் டேனியர் வீட்டுக்கு முன் பதினைந்து நிமிடம், பாட்டி வீட்டுக்கு முன் ஐந்து நிமிடம். இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். டேனியர் ஊரில் டேனியர்கள் எப்போதுமே சில நூறு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் தமிழ் பேசிய இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், வியாபாரிகள், நெசவாளர்கள், தட்டார்கள், கூலியாட்கள். மதிலுக்குள் பள்ளிவாசல் தெருவும் இருக்கிறது.

கோட்டைக்குப் போகும்போது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. இதுதான் அந்த மாலையின் பெரிய சறுக்கல். தேவாலயத்தில் போன அரை மணி நேரத்தை இங்கே இழந்தோம். டான்ஸ்போர்க் கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை வைத்த அறைகள் வரிசையாக இருக்கின்றன, கிடங்கு, சமையலறை, சிறை, காவலர் அறை எல்லாம். 1708-ல் ஒரு விதவையின் கடன் விவகாரத்தில் தலையிட்டதற்காக சீகன்பால்குவைக் கோட்டைத் தளபதி நாலு மாதம் அடைத்து வைத்தது இந்தக் கோட்டையில்தான். மேல்தளத்தில் ஆளுநர் இருந்தார், இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். மேலே ஓட்டமாக ஒரு சுற்று, கீழே இரண்டு அறை, அவ்வளவுதான் முடிந்தது. கிடங்கு அறையில் நின்று மிளகு, துணி பற்றிப் பேசியிருந்தால் நெசவாளர்களின் கதை அங்கேயே வந்திருக்கும். அது வராமலே போய்விட்டது.

வெளியே வந்தால் கடல். இங்கேதான் நடையின் உயிர் இருந்தது, இங்கேதான் நேரமும் இல்லாமல் போனது.

கிழக்குக் கரையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கும். கடற்கரைக்கு நிழல் சீக்கிரம் வந்துவிடும். மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்வெட்டைப் படிக்க வெளிச்சம் போதவில்லை. இந்தக் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1305-ஐ ஒட்டிய ஆண்டு. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் இருக்கிறது. அதாவது டேனியர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே பட்டினம் என்று சொல்லும்படி ஒரு ஊர் இருந்தது, கோயில் இருந்தது, அதற்குக் கொடை கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பின்னால் கருங்கல் கொட்டி, திருப்பணி செய்து, மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஊரின் மிகப் பழைய சாட்சி இதுதான். அதற்குக் கிடைத்தது பத்து நிமிடமும் செல்போன் வெளிச்சமும்.

அங்கே நடந்த ஒன்று திட்டத்தில் இல்லாதது. கல் மேட்டில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், மீனவர், சார் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஐரோப்பியக் கப்பல்கள் கரையிலிருந்து தூரத்தில் நங்கூரம் போட்டன என்று சார் சொன்னபோது இடையில் புகுந்தார்: "அப்புறம் எப்படி வருவான்? நம்ம படகுலதான் வரணும். இந்த அலையை அவன் படகு தாண்டாது." எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். சாரும் பேச்சை நிறுத்திவிட்டு, "சொல்லுங்க அண்ணே" என்று வழி விட்டார். எந்த மாதத்தில் அலை எப்படி இருக்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த இடத்தில் படகை ஏற்ற வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. ஐரோப்பியர்களின் ஆணி அடித்த படகுகள் கரையோர அலையில் உடைந்துவிடும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் மட்டும்தான் வளைந்து கொடுத்துக் கரை ஏறும், செய்தி கொண்டுபோகக் கட்டுமரம். மிளகும் துணியும் வெடியுப்பும் வெளியே போனது, வெள்ளியும் அச்சு இயந்திரமும் உள்ளே வந்தது, சீகன்பால்கு கரை இறங்கியது, எல்லாமே இந்தக் கரையின் படகோட்டிகள் கையில்தான். அவர்கள் ஒரு நாள் படகை எடுக்காவிட்டால் கோட்டைக்குள் எதுவும் போகாது. நுழைவாயிலில் அந்தப் பெண் "நம்ம ஆளுங்கதான்" என்று சொன்னதற்கு முழுப் பதில் இங்கே, கடற்கரையில், ஒரு மீனவர் வாயிலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் தூண்களையும் முத்திரைகளையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மீனவர் தெருவுக்குப் போகவே முடியவில்லை. இருட்டிவிட்டது, குடும்பத்தோடு வந்தவர்களுக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சுற்று வட்டார மீனவ கிராமங்களுக்குத் தலைமை கிராமம் தரங்கம்பாடி, அதன் பஞ்சாயத்து இன்றும் முடிவெடுக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இந்த நடையில் வரவில்லை. 2004 டிசம்பர் 26-ஐப் பற்றியும் பேசவில்லை. கோட்டையும் தேவாலயமும் அன்றைக்கு நின்றுவிட்டன. போனது கடலை ஒட்டி வாழ்ந்த உயிர்கள். இந்த ஊரின் கதையில் சுனாமி இல்லாமல் கடலைப் பற்றிப் பேசுவது முறையில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தத் தெருவின் ஆட்கள், சொல்ல விருப்பம் இருந்தால் மட்டும், அவர்கள் சொல்கிற அளவுக்கு மட்டும். கூட்டமாகப் போய் வீட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதாக அது ஆகிவிடக்கூடாது. இதற்குப் பஞ்சாயத்தாரிடம் முன்பே பேசுவது அவசியம்.

நடை முடிந்து டீக்கடையில் சாரிடம் இதைச் சொன்னேன். நேரடியாகவே கேட்டேன்: "ஏன் சார் வாசல்ல ஆரம்பிச்சீங்க? கோயில்ல ஆரம்பிச்சிருக்கலாமே?" பஸ் நிற்கும் இடம், வண்டி நிறுத்தும் இடம், எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் என்று காரணங்கள் சொன்னார். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் 1792-ல் கட்டிய வாசலில் தொடங்கினால், கேட்பவர் மனதில் ஊரின் முதல் ஆள் டேனியன் ஆகிவிடுகிறான். 1305-ல் நின்ற கோயில் பின்னிணைப்பாகிவிடுகிறது, மீனவர் தெரு நேரம் இருந்தால் பார்க்கலாம் என்ற பட்டியலில் போய்விடுகிறது. பாதையின் வரிசை என்பது நாம் சொல்லும் வரலாற்றின் வரிசை. சார் கொஞ்ச நேரம் யோசித்தார். "திருப்பிப் போட்டா கோட்டைக்கும் நேரம் கிடைக்கும் போல இருக்கே" என்றார்.

உண்மையிலேயே கிடைக்கும். மூன்றரைக்கே கடற்கரையில் கூடலாம், காற்று இருக்கும், கோயில் கல்வெட்டுக்கு வெளிச்சம் இருக்கும். முதலில் மீனவர் தெருவைச் சேர்ந்த ஒருவர் பேசட்டும், அதற்கு அவருக்கு மரியாதையாக ஒரு தொகையும் கொடுக்க வேண்டும், நடத்துபவருக்குச் சமமாக. அப்புறம் கோயில். நாலரை மணிக்குக் கோட்டை, மூடுவதற்கு முன் நிதானமாகக் கீழ்த்தளம் முழுவதும் பார்க்கலாம். படகோட்டிகளைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கிடங்கு அறைக்குள் போகும்போது அந்த மூட்டைகள் எப்படி அங்கே வந்தன என்று தனியாகச் சொல்லவே வேண்டாம். அதன் பிறகு பாட்டி வீட்டுத் திண்ணை, தேவாலயத்தில் ஒரே ஒரு கதை, கடைசியாக வாசல். காங்ஸ்பக்கே கதையை அங்கே சொன்னால் மதில் கட்டிய ஆட்கள் யார் என்பது கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். பஸ் நிற்கும் இடமும் அதுதான், இருட்டினாலும் யாருக்கும் கவலை இல்லை. ஒரு குறை உண்டு, மேற்கே பார்த்து நடப்பதால் சூரியன் முகத்தில் அடிக்கும், படம் எடுப்பவர்களுக்குக் கட்டடங்கள் கறுப்பாகத் தெரியும். கேமராக்காரர்கள் காலையில் தனியாக வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த ஊர் ஏன் இப்படிச் சின்னதாகவே நின்றுவிட்டது என்பதையும் வாசலில் சொல்லி முடிக்கலாம். 1845-ல் டேனியர்கள் வங்காளத்தில் வைத்திருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கொஞ்ச காலம் கலெக்டர் இங்கே இருந்தார், பிறகு அவரும் போய்விட்டார். 1861-ல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் வியாபாரம் அந்தப் பக்கம் நகர்ந்தது. தரங்கம்பாடிக்கு 1926-ல் வந்து சேர்ந்த மயிலாடுதுறை ரயிலும் 1986-ல் நின்றுவிட்டது. டேனியன் போனான், கலெக்டர் போனார், ரயில் போனது. போகாமல் இருப்பவர்கள் கரையில் படகு வைத்திருப்பவர்கள்.

வேறு ஊர்களில் நடத்த நினைப்பவர்களுக்கு என் பக்கத்திலிருந்து சில வார்த்தை. பழைய வரைபடமோ, நில அளவைப் படமோ ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய சொற்பொழிவை விட அது வேலை செய்யும். ஒரு இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். மைக் வேண்டாம், இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரியுங்கள். பேசாமல் ஓரமாக நின்று கேட்கிற ஊர்க்காரர் ஒருவர் எங்கேயும் இருப்பார், அவருக்கு இடம் விடுங்கள். எங்கள் நடையில் அது தற்செயலாக நடந்தது, உங்கள் நடையில் அதைத் திட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சார் அடுத்த நடையைத் தை மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். வடகிழக்குப் பருவமழையும் கடல் சீற்றமும் அதற்குள் அடங்கிவிடும். இந்த முறை கோயிலில் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். கல் மேட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் நேரில் போய்ப் பேசப் போவதாகவும் சொன்னார்.